பிழையைப் பொன்னாக்கி விற்கும் வணிகம்



கடந்த பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் தன் புதுவீட்டிற்கு என்னை அழைத்திருந்தான். ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படித்தவன், இன்று பொறியியலாளன். வரவேற்பறையின் நடுவே இசைத்தட்டுக் கருவி, இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள், சுவர் முழுக்க வரிசையாக அடுக்கிய இசைத்தட்டுகள். காப்பி குடித்து முடித்ததும் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு தட்டை உறையிலிருந்து உருவினான். அதன்மேல் ஒரு சிறு தூரிகையை மெல்ல ஓட்டித் தூசி நீக்கினான். "ஐயா, நடுவில் பேசாமல் கேளுங்கள்" என்றான். பூசையறையில் நிற்பது போன்ற ஓர் உணர்வு எனக்கு.

ஊசி இறங்கியது. அடுத்த நொடி வீடு அதிர்ந்தது. கித்தார் அலறியது, பியானோவை யாரோ ஓங்கி ஓங்கி அடித்தார்கள், ஒருவன் ஊளையிட்டான். 1973ஆம் ஆண்டு வெளிவந்த, 'நியூயார்க் டால்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவின் முதல் தொகுப்பு அது. அதனை ஒலிச்சுவைஞர்களுக்கென்றே தனிக்கவனத்துடன் மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். கனமான தட்டு, பளபளக்கும் உறை, மூலநாடாவிலிருந்து எடுத்ததாக ஒரு சான்றுரை. விலையைக் கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னான். அந்தப் பணத்தில் நம் பள்ளி நூலகத்திற்கு இருபது கதைப்புத்தகங்கள் வாங்கலாம்.

அவன் பணம், அவன் விருப்பம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால், முதல் பக்கம் முடிந்ததும் அவன் சொன்ன ஒரு சொற்றொடர்தான் என்னை இதனை எழுத வைத்தது. "ஐயா, இதுதான் உண்மையான ஒலி. இத்தனை நாளும் எல்லாரும் கேட்டது வெறும் நகல்."

அப்படியா? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறேன். 'தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பவர்கள் இறுதிவரை படிக்கும்படி வேண்டுகிறேன். இது வகுப்பறையில் வந்து முடியும் கதை.

யார் இந்தப் பொம்மைகள்?

நியூயார்க் நகரத்தில் லெக்சிங்டன் நிழற்சாலையில் உடைந்த பொம்மைகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. அதன் பெயர் 'நியூயார்க் பொம்மை மருத்துவமனை'. அதற்கு எதிரே ஒரு துணிக்கடையில் சில்வெய்ன் சில்வெய்ன் என்னும் இளைஞர் வேலை செய்தார். எகிப்தின் கைரோவில் பிறந்து, குடும்பத்தோடு புலம்பெயர்ந்து வந்த யூதப்பிள்ளை. எதிர்க்கடைப் பெயர்ப்பலகையிலிருந்துதான் குழுவின் பெயர் பிறந்தது. அவருடைய பள்ளித்தோழர் பில்லி முர்சியா கொலம்பியாவிலிருந்து வந்தவர். அவரே முதல் தாளக்காரர். 1972ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் 21 வயதிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் ஜெரி நோலன் வந்தார். பாடகர் டேவிட் ஜொஹான்சன். முதன்மைக் கித்தார் ஜானி தண்டர்ஸ். அடித்தொனிக் கித்தார் ஆர்தர் கேன்.

இவர்கள் ஆண்கள். ஆனால், உதட்டுச்சாயம் பூசி, உயர்குதிக் காலணி அணிந்து மேடையேறினார்கள். தொகுப்பின் அட்டையிலும் அப்படியே ஒரு சாய்விருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். குழுவின் பெயரே உதட்டுச்சாயத்தால் எழுதியதுபோல் அச்சாகியிருக்கிறது. ஒப்பனை ஆடம்பரத்தைக் 'கிளாம்' என்றும், முரட்டு எளிமையைப் பிற்காலத்தில் 'பங்க்' என்றும் அழைத்தார்கள். இரண்டும் சேர்ந்ததால் இவர்கள் இசையைக் 'கிளாம் பங்க்' என்கிறார்கள். மூன்று நான்கு சுருதிக்கட்டுகள் தெரிந்தால் போதும், மேடையேறலாம் என்னும் துணிச்சல்தான் இவ்விசையின் முதல்.

தொகுப்பு நியூயார்க்கின் 'ரெக்கார்ட் பிளாண்ட்' ஒலிப்பதிவகத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பதிவானது. தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன். முந்தைய ஆண்டில் தம் சொந்த இரட்டைத்தட்டின் நான்கு பக்கங்களில் மூன்றில் எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவுசெய்த நுட்பக்காரர். அவர் கையில் இந்த முரட்டுப்பிள்ளைகள்! பதிவான ஒலித்தடங்களை ஒன்றுசேர்க்கும் கலவை வேலை அரைநாளுக்குள் அவசரமாக முடிந்தது. அந்தக் கலவை கெட்டுவிட்டதென்று தண்டர்ஸ் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

1973 ஜூலை 27இல் மெர்க்குரி நிறுவனம் தொகுப்பை வெளியிட்டது. ஒரு வாரத்தில், ஆகஸ்டு 3இல், இவர்கள் பாடிப் பெயர்பெற்ற 'மெர்சர்' கலையரங்கம் இருந்த பழைய கட்டடமே இடிந்து விழுந்தது. விற்பனையும் அப்படித்தான். அமெரிக்கப் பட்டியலில் 116ஆம் இடம், அவ்வளவே. 'கிரீம்' இதழின் வாசகர் வாக்கெடுப்பில் அவ்வாண்டின் சிறந்த புதுக்குழுவும் இவர்களே. மோசமான புதுக்குழுவும் இவர்களே! 1974இல் இரண்டாம் தொகுப்பு இன்னும் கீழே போனது. நிறுவனம் 1975இல் கைகழுவிவிட்டது.

ஒலித்தூய்மை என்னும் புதுச் சமயம்

இனி, மறுபதிப்பாளர்கள் முன்வைக்கும் வாதங்களுக்கு வருவோம். நியாயமாகவே பேசுவோம். எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

முதலாவது, எடை. வழக்கமான இசைத்தட்டு 120 முதல் 140 கிராம் வரை இருக்கும். ஒலிச்சுவைஞர் பதிப்பு 180 கிராம். கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. தட்டு வளையாமல் இருக்கவும் சிறிது உதவும். ஆனால், ஊசி தட்டின் மேற்பரப்பில் உள்ள வரிப்பள்ளத்தில்தான் ஓடுகிறது. அடியில் எத்தனை கிராம் நெகிழி இருக்கிறது என்பதை அந்தப் பள்ளம் அறியாது. அடித்தளம் எவ்வளவு தடித்திருந்தாலும் கரும்பலகையில் எழுதிய எழுத்து தடித்துவிடுமா?

இரண்டாவது, வேகம். இதில் உண்மை இருக்கிறது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் தட்டில், வெளிவிளிம்பில் ஊசியின்கீழ் நொடிக்கு ஏறத்தாழ 51 செண்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்வட்டத்துக்கு வரும்போது அது 21 செண்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலி அலைகளைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் இறுதிப்பாடலும் சற்று மங்கியும் சிதைந்தும் ஒலிக்கிறது. ஒரே தொகுப்பை இரண்டு தட்டுகளில் பிரித்து 45 சுழற்சியில் வெட்டினால் இந்த நெருக்கடி குறையும். இஃது இயற்பியல்; மறுக்கமாட்டேன்.

மூன்றாவது, வழிமுறை. முதலில் மெழுகுபோன்ற லாக்கர் தட்டில் பள்ளம் வெட்டுகிறார்கள். அதிலிருந்து 'தந்தை', அதிலிருந்து 'தாய்', தாயிலிருந்து அச்சுத்தகடு என்று உலோகப் படிகள் எடுக்கிறார்கள். அந்த அச்சுத்தகடுதான் நம் கைக்கு வரும் தட்டை அழுத்துகிறது. இடைப்படிகளைக் குறைத்தால் இழப்பும் குறையும் என்பது வாதம். கொள்கையளவில் சரிதான். ஆனால், படிகளைக் குறைத்தால் ஓர் அச்சிலிருந்து எடுக்கக்கூடிய தட்டுகளும் குறையும். எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? அட்டையில் வரிசை எண் ஏறும். எண் ஏறினால் விலை ஏறும்!

இங்கேதான் 2022ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். ஒலிச்சுவைஞர் உலகில் பெரும்பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனம் 'மொபைல் பிடெலிட்டி'. மூலநாடாவிலிருந்து நேரே எடுத்த தூய அனலாக் தட்டுகள் என்றே அதன் வாடிக்கையாளர்கள் நம்பி வாங்கினார்கள். அவ்வாண்டில் அந்நிறுவனம் மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' தொகுப்பை 125 டாலர் விலையில் 40,000 படிகள் வெளியிடுவதாக அறிவித்தது. அத்தனை படிகள் எடுக்க மூலநாடாவை எத்தனை முறை ஓட்டவேண்டும் என்ற ஐயம் எழுந்தது. பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2011 முதலே அவர்களுடைய பல வெளியீடுகளில் இடையே இலக்கவியல் கோப்பு ஒன்று பயன்பட்டு வந்திருக்கிறது. நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கு தொடர்ந்தார்கள், வாங்கியவர்களுக்கு இழப்பீடு தரும் உடன்பாட்டில் அது முடிந்தது.

அன்பர்களே, இதில் நான் காணும் பாடம் அந்நிறுவனம் மறைத்தது மட்டுமன்று. இலக்கவியலின் வாடையே ஆகாது என்று சூளுரைத்த கூர்ஞ்செவியர்கள் பதினோர் ஆண்டுகள் அதே தட்டுகளைக் கேட்டார்கள்; புகழ்ந்தார்கள்; 'இதுவன்றோ அனலாக்!' என்று கண்மூடி உருகினார்கள். ஒருவர் செவியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள்! அப்படியானால், அவர்கள் இத்தனை காலம் கேட்டது ஒலியையா, உறையில் அச்சிட்ட சொற்களையா?

மான்செஸ்டர் சிறுவனின் தொலைக்காட்சி

'உண்மையான ஒலி' என்றானே என் மாணவன், அதற்கு விடை இங்கே இருக்கிறது.

1973 நவம்பரில் இக்குழு பிரிட்டிசுத் தொலைக்காட்சியின் 'ஓல்டு கிரே விசில் டெஸ்ட்' என்னும் இசை நிகழ்ச்சியில் தோன்றியது. நிகழ்ச்சியாளர் பாப் ஹாரிஸ் இவர்களைப் போலி ராக் என்று ஏளனம் செய்தார். அந்த நிகழ்ச்சியை மான்செஸ்டரில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்நாளைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி எப்படிப்பட்டது? ஒற்றைத்தட ஒலி, உள்ளங்கை அளவுக் கூம்பு, தகரக்குரல். அந்தத் தகரக்குரல் அவன் வாழ்க்கையையே மாற்றியது. இங்கிலாந்தில் இக்குழுவின் இரசிகர் மன்றத்தை அவன் நடத்தினான். பின்னாளில் 'சுமித்ஸ்' குழுவின் பாடகராக உலகம் அறிந்த மோரிசி அவர்தான். 2004இல் இலண்டன் 'மெல்டவுன்' விழாவை வகுத்தமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, சிதறிக்கிடந்த இக்குழுவினரைத் தேடி அழைத்து மீண்டும் மேடையேற்றினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1975இல் சிலகாலம் இக்குழுவை நிருவகித்த மால்கம் மெக்லாரன் என்னும் ஆங்கிலேயர் ஊர் திரும்பும்போது சில்வெய்னின் வெள்ளைக் கித்தாரைக் கொண்டுபோனார். அது 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ் கைக்குப் போயிற்று. ஆங்கில பங்க் இசையின் ஒலியில் பாதி அந்தக் கித்தாரிலிருந்து வந்தது.

ஆக, இந்த இசை உலகை மாற்றியது 180 கிராம் தட்டின் வழியாக அன்று. கீறல் விழுந்த தட்டுகள், தகரக்குரல் தொலைக்காட்சி, கைமாறிய கித்தார் இவற்றின் வழியாக. மலிவுக் கருவியில் கேட்டவர்கள் நகலைக் கேட்டார்கள் என்று சொல்வது, அந்த இசையைத் தம் வாழ்வாக்கிக்கொண்ட அத்தனை பேரையும் வெளியே நிறுத்திக் கதவடைப்பதாகும். என் வழக்கு இதுதான். நல்ல தட்டு வேண்டாம் என்பதன்று; விலையுயர்ந்த தட்டை வாங்கியவனே உண்மையைக் கேட்டவன் என்னும் கோட்பாடு வேண்டாம் என்பதே.

அச்சுப்பிழை வேறு, குரல் வேறு

'அப்படியானால் பழைய பதிவுகளைச் செப்பனிடவே கூடாதா?' என்று கேட்பீர்கள். கூடும். எதைச் செப்பனிடுவது என்பதில்தான் சிக்கல்.

ஜானி தண்டர்ஸும் ஜெரி நோலனும் டால்ஸிலிருந்து விலகி 'ஹார்ட்பிரேக்கர்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினார்கள். 1977இல் வெளிவந்த அவர்களுடைய 'எல்.ஏ.எம்.எப்.' தொகுப்பு சேற்றுக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் இருந்தது. மனம் நொந்த நோலன் குழுவைவிட்டே போனார். 1984இல் தண்டர்ஸ் அதனை மறுகலவை செய்தார். 1994இல் வேறு கலவைகளைத் தேடித்தொகுத்து வெளியிட்டார்கள். இறுதியாக, தொலைந்துபோன மூலநாடாவின் படியொன்று கிடைத்து 2021இல் வெளியானபோது, 44 ஆண்டுகாலப் பழி நீங்கியது. நாடாவில் ஒலி நன்றாகவே இருந்தது! அந்த மறுபதிப்பை நான் வரவேற்கிறேன். அஃது இளைஞர்கள்மேல் விழுந்த பழியைத் துடைத்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. 'ஸ்டூஜஸ்' குழுவின் 'ரா பவர்' தொகுப்பும் 1973இல் வந்ததே. அதன் கலவையைச் செய்தவர் டேவிட் போவி. மெலிந்த ஒலி என்று பலரும் குறை சொன்னார்கள். 1997இல் பாடகர் இக்கி பாப்பே அமர்ந்து மறுகலவை செய்தார். எல்லா ஒலியையும் உச்சத்தில் ஏற்றினார். விளைவு? அளவுமீறிய இரைச்சலுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் அதனைச் சுட்டுகிறார்கள். 2010இல் போவியின் பழைய கலவையையே மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று. ஒருகாலத்துக் குறை மறுகாலத்தில் அதன் முகமாகிவிட்டது.

நியூயார்க் டால்ஸ் தொகுப்பு இவ்விரண்டில் எந்த வகை? அதன் அவசரம் அந்தத் தொகுப்பின் உடம்பிலேயே கலந்திருக்கிறது. அரைநாளில் கலந்த கலவையை எத்தனை கிராம் தட்டில் வெட்டினாலும் அஃது அரைநாள் கலவைதான். அப்படியே இருக்கட்டும்! ஐந்து இளைஞர்கள் தமக்குத் தெரிந்த அளவில் உயிரைக்கொடுத்து வாசித்த ஒரு வாரம் அது. அதிலுள்ள நெருக்கடி, முட்டல், மோதல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குரல்.

பொம்மை மருத்துவமனைக்குப் பொம்மையைக் கொண்டுபோகும் குழந்தை என்ன கேட்கும்? கழன்ற கையை ஒட்டித்தரச் சொல்லும். முகத்துக்குப் புதுச்சாயம் பூசிக் கொடுத்தால், 'இது என் பொம்மை இல்லை' என்று அழும்.

உறையில் அச்சிடாத கணக்கு

ஒலிச்சுவைஞர் பதிப்பின் உறையில் எத்தனையோ விவரங்கள் இருக்கின்றன. தட்டின் எடை, அழுத்திய ஆலை, வெட்டிய பொறியாளர், வரிசை எண். ஆனால், பாடியவன் எப்படி வாழ்ந்தான் என்னும் கணக்கு அதில் இல்லை. நான் சொல்கிறேன்.

ஆர்தர் கேன் பிற்காலத்தில் இலாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மொர்மன் திருச்சபையின் குடும்ப வரலாற்று நூலகத்தில் வேலை பார்த்தார். 2004இல் மோரிசியின் அழைப்பு வந்தபோது அவருடைய கித்தார் அடகுக்கடையில் இருந்தது. திருச்சபை நண்பர்கள் உதவியால் மீட்டு மேடையேறினார். மேடையேறிய சில வாரங்களில் இரத்தப்புற்றுநோயால் இறந்தார். தண்டர்ஸ் 1991இலும், நோலன் 1992இலும் போய்விட்டார்கள். சில்வெய்ன் 2019இல் தமக்குப் புற்றுநோய் என்று அறிவித்து, மருத்துவச் செலவுக்கு மக்களிடம் நிதி கேட்டார். 2021 ஜனவரியில் மறைந்தார். இறுதியாக எஞ்சியவர் ஜொஹான்சன். 2025 பிப்ரவரியில் அவருடைய குடும்பமும் மருத்துவ உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்டது. அம்மாதம் 28ஆம் நாள் அவரும் மறைந்தார்.

ஒரு பக்கம் அவர்களுடைய இளமைக்குரலுக்கு எண்ணிட்ட பதிப்பு. மறுபக்கம் அதே குரலுக்கு உரியவர்களின் மருந்துச் செலவுக்கு நன்கொடை. நாமெல்லாம் மூலநாடாவைப் பற்றிப் பேசுகிறோம். மூலம் என்பது நாடாவா, மனிதனா?

பழித்துரைப்போருக்கும் ஒரு சொல்

நம்மவர்கள் சிலர் இந்நேரம் மகிழ்ந்திருப்பார்கள். 'அதுதான் சொன்னோமே! உதட்டுச்சாயம் பூசிய ஆண்களின் காட்டுக்கூச்சலுக்கு இவ்வளவு பணமா?' என்பார்கள். பொறுங்கள். உங்களோடும் எனக்கு வழக்கு உண்டு.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது எளிது. அந்தத் தொகுப்பிலேயே மெல்லிய கித்தாரும் சாக்சபோனும் சேர்ந்தொலிக்கும் அமைதியான பாடலொன்றும் இருக்கிறது. பழைய கறுப்பினக் கலைஞர் போ டிட்லியின் பாடலொன்றை மரியாதையோடு எடுத்துப் பாடியும் இருக்கிறார்கள். தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அறிந்த பிள்ளைகள் அவர்கள். அட்டைப்படத்தைப் பார்த்து முடிவுகட்டிய பாப் ஹாரிஸுக்கும், சட்டை கசங்கிய மாணவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பும் ஆசிரியருக்கும் என்ன வேறுபாடு? முதலில் பழிக்கிறோம்; ஐம்பது ஆண்டு கழித்துப் பொன்னுறையில் வைத்து விற்கிறோம். இரண்டு வேளையிலும் நாம் செவிகொடுத்துக் கேட்கவில்லை. அதுதான் குற்றம்.

வகுப்பறைக்கு வருவோம்

இதுவரை பிறரைச் சாடினேன். இனி என்னையே சாடிக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு என் வகுப்பு மாணவன் ஒருவனை அனுப்பினேன். தலைப்பு: என் தந்தை. அவன் அப்பா செம்பனை ஏற்றும் லோரி ஓட்டுநர். அவன் எழுதிவந்த முதல் வரைவில் இப்படி இரண்டு வரிகள் இருந்தன: "அப்பா வரும்போது முதலில் மண்வாசம் வரும். அதற்குப் பின்னால்தான் அப்பா வருவார்." ஒற்றுப்பிழை நான்கு, எழுத்து கோழி கிளறியதுபோல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிழைகளைத் திருத்தினேன், அது என் கடமை. அதோடு நின்றேனா? அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, "என் தந்தை எங்கள் குடும்பத்தின் தூண் போன்றவர். அவர் மெழுகுவர்த்தியாய்த் தம்மை உருக்கிக்கொள்பவர்" என்று எழுதிக் கொடுத்தேன். உவமைத்தொடர் இரண்டு, மரபுத்தொடர் மூன்று, பழமொழி ஒன்று. பையன் மனனம் செய்தான். மூன்றாம் பரிசும் வாங்கினான்.

சான்றிதழோடு திரும்பி வரும்போது காரில் கேட்டான்: "ஐயா, அது எங்கப்பா இல்லையே?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அந்த மண்வாசம் ஒற்றுப்பிழை அன்று, அது குரல். நான் இரண்டையும் ஒன்றாக எண்ணி அடித்துவிட்டேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே போய்விட்டது. ஆனால், அந்தத் தேர்வுக்காக நாம் வளர்த்த மாதிரிக் கட்டுரைப் பண்பாடு போகவில்லை. இன்றும் ஒரே தூண், ஒரே மெழுகுவர்த்தி, ஒரே 'காலைக்கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' எல்லா மாணவர் ஏட்டிலும் பளபளக்கிறது. கீறல் இல்லை, தூசி இல்லை. பிள்ளையும் இல்லை!

ஆகவே, என் வேண்டுகோள்

ஆசிரியர்களே, சிவப்பு மையைக் கையில் எடுக்கும்போது ஒரு நொடி நில்லுங்கள். இஃது அச்சாலையின் பிழையா, பிள்ளையின் குரலா என்று கேளுங்கள். பிழையைத் திருத்துங்கள், தயங்காமல் திருத்துங்கள். குரலின்மேல் கோடு கிழிக்காதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கித்தார் கேட்டால் மலிவான கித்தாரே போதும். வீடு சற்று இரையட்டும். விலையுயர்ந்த கருவியில் பிறர் வாசிப்பதைக் கேட்க வைப்பதைவிட, மலிவான கருவியில் தானே தப்புத்தப்பாய் வாசிக்க விடுவது மேல்.

ஒலிச்சுவைஞர்களே, வாங்குங்கள், மகிழ்ந்து கேளுங்கள். ஆனால், அடுத்த வீட்டுப் பையன் கைப்பேசியில் கேட்டு ஆடுவதை 'நகல்' என்று சொல்லாதீர்கள். அந்த இசை அவனுக்காகத்தான் பிறந்தது.

என் மாணவனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். சினந்துகொள்ளவில்லை, நல்ல பிள்ளை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் இந்தத் தட்டை என்ன செய்வது ஐயா?" என்று கேட்டான்.

"மறுபக்கத்தைப் போடு. இந்த முறை பேசிக்கொண்டே கேட்போம்" என்றேன்.

அவனுடைய மூன்று வயது மகள் உள்ளிருந்து ஓடிவந்து, கூடத்தின் நடுவே நின்று, தாளம் தப்பித் தப்பிக் குதிக்கத் தொடங்கினாள். அவளை யாரும் நிறுத்தவில்லை.

சிந்திப்போம்.